நம்பர் சரி, ஆர்.சி. சரி, லோடு மட்டும் காணோம்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈரோட்டில் மஞ்சள் மண்டி. டெல்லி, நாக்பூர் பக்கம் சரக்கு போகிறது. சொந்த வண்டி இல்லை, புக்கிங் ஆபீஸ் பிடித்துத் தருகிற லாரிதான். பக்கத்து மண்டிக்காரர் ஏற்றிவிட்ட ஒரு லோடு போய்ச் சேரவே இல்லை. ஆர்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ் ஜெராக்ஸ் எல்லாம் அவர் கையில் இருக்கிறது. ஆனால் அந்த நம்பருக்குச் சொந்தமான லாரி அன்றைக்கு வேறொரு ஊரில் ஒர்க்‌ஷாப்பில் நின்றிருக்கிறது. ‘இதற்கு மேல் என்ன பார்ப்பது?’ என்பது முதல் கேள்வி. லாரி வைத்திருக்கும் உங்கள் மச்சானுக்கு ‘மிலிட்டரி லோடு’ என்று வந்த போன் பற்றி இரண்டாவது கேள்வி. அதைப் பின்னால் பார்ப்போம்.

திருட வருகிறவன் முதலில் தயார் செய்வது பேப்பரைத்தான். அதிலும், ஓடுகிற நல்ல வண்டி ஒன்றின் நம்பரை எடுத்து, அதே மாடல், அதே நிறத்தில் இன்னொரு வண்டிக்கு ஒட்டிக்கொண்டு வருகிறவனிடம் நீங்கள் என்ன பேப்பர் கேட்டாலும் அது சரியாகத்தான் இருக்கும். வண்டி விவரம் காட்டும் அரசின் எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைத் தட்டினால் எஃப்.சி. (தகுதிச் சான்று) உண்டு, இன்சூரன்ஸ் உண்டு, நேஷனல் பர்மிட் உண்டு என்று பச்சையாகக் காட்டும். காட்டுவது பொய்யும் இல்லை. அது அசல் வண்டியின் விவரம். அதனால் அவன் கவரில் போட்டுக்கொண்டு வர முடியாத விஷயங்களைப் பார்க்க வேண்டும். அவை மூன்று நான்குதான் இருக்கின்றன. எல்லாம் சேர்த்து கால் மணி நேர வேலை.

முதலாவது சேசிஸ் நம்பர். லாரியின் சட்டத்தில் குத்தியிருக்கும். வண்டியை விற்கும்போதும் ஃபைனான்ஸ் போடும்போதும் அதன் மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பார்களே, அதே வேலையை உங்கள் மண்டி வாசலில் செய்யச் சொல்லுங்கள். போனில் போட்டோ எடுத்தாலும் போதும். எடுத்ததை ஆர்.சி. ஜெராக்ஸோடு ஒப்பிட்டால் மட்டும் பிரயோஜனமில்லை, ஜெராக்ஸில் அவன் எதையும் ஏற்றியிருக்கலாம். ஆப்பில் வருகிறதோடு ஒப்பிடுங்கள். ஆப் இப்போதெல்லாம் உரிமையாளர் பெயரையும் சேசிஸ் எண்ணையும் பாதி மறைத்துத்தான் காட்டுகிறது. தெரிகிற எழுத்துகள் ஒத்துப்போனாலே பெரும்பாலும் போதும். நான் பார்த்தவரை நேர்மையான டிரைவர் இதற்குக் கோபப்படுவதில்லை. ‘நேரமாகுது’ என்று குதிக்கிறவரிடம் கொஞ்சம் நிதானமாக இருங்கள்.

இரண்டாவது ஃபாஸ்டாக். 2021 பிப்ரவரி நடுவில் சுங்கச்சாவடிகளில் இது கட்டாயமானது. நமக்கு அதனால் வந்த உபகாரம் வேறு: ஒவ்வொரு சாவடியைக் கடக்கும்போதும் வண்டி நம்பர், சாவடி பெயர், நேரம் பதிவாகிறது. ‘கடைசி டிரிப் எங்கிருந்து வந்தீங்க?’ என்று டிரைவரிடம் கேளுங்கள். சேலம் பக்கமிருந்து காலி வண்டியாக வந்தேன் என்றால் வைகுந்தம் சாவடி வந்திருக்க வேண்டும். கோயம்புத்தூர் பக்கமிருந்து என்றால் விஜயமங்கலம். உரிமையாளரை அவருடைய போனிலிருந்து அந்த டோல் பதிவின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பச் சொல்லுங்கள். நம்பர் ஒட்டிய வண்டிக்கு அந்தச் சாவடியில் அந்த நேரத்துப் பதிவு இருக்காது. 2022இல் மத்திய அரசு கொண்டுவந்த யூலிப் தளத்தின் வழியாக இந்தப் பதிவுகளைத் தனியார் சேவைகளும் காட்டுகின்றன. மாதம் நிறைய லோடு அனுப்புகிறவர்கள் அப்படி ஒன்றை எடுத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, உரிமையாளரிடம் பேசுவது. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். புரோக்கர் ஒரு நம்பர் தருகிறார், அதில் ஒருவர் ‘ஆமாங்க, நம்ம வண்டிதான், ஏத்தி விடுங்க’ என்கிறார். அது எதற்கும் சாட்சியில்லை. நம்பரைத் தந்தவரும் எடுத்துப் பேசியவரும் ஒரே கூட்டமாக இருக்கலாம். நாமக்கல், சங்ககிரி, சேலம் வண்டியென்றால் அந்த ஊர் லாரி உரிமையாளர் சங்கத்திலோ உங்களுக்குத் தெரிந்த வேறு புக்கிங் ஆபீஸிலோ கேட்டு நம்பர் வாங்குங்கள். நம்ம பக்கம் ஓனர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். இரண்டு போனில் ஆள் கிடைத்துவிடுவார். வெளிமாநில வண்டிக்கு இது கஷ்டம். அப்போது முந்தின டிரிப்பில் அந்த வண்டி லோடு இறக்கிய பார்ட்டியின் எல்.ஆர். (சரக்கை ஏற்றிக்கொண்டதற்கு டிரான்ஸ்போர்ட்காரர் தரும் லாரி ரசீது) நகலைக் கேட்டு, அந்தப் பார்ட்டியை நீங்களே தேடிப் பிடித்துப் பேசுங்கள்.

டிரைவர் விஷயம் சுலபம். லைசென்ஸ் எண்ணும் பிறந்த தேதியும் இருந்தால் பரிவாகன் இணையதளத்தில் பார்த்துவிடலாம். அவர் தந்த போன் நம்பருக்கு அவர் எதிரிலேயே ரிங் விடுங்கள். வண்டி நம்பர் தெரிய, முகம் தெரிய, லோடு ஏறிய பிறகு ஒரு போட்டோ. உங்கள் கேமராப் பதிவை ஒரு மாதமாவது அழியாமல் வைத்திருங்கள். பல மண்டிகளில் வாரத்துக்கு ஒருமுறை மேலெழுதிவிடுகிறது.

இவ்வளவும் வண்டி போலி என்றால் பிடிபடும். வண்டி அசல், டிரைவர் அசல், இடையில் இருக்கிறவன் மட்டும் போலி என்றால்? இன்றைக்கு அதிகமாக நடப்பது இதுதான் என்பது என் எண்ணம். அதை விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் ஒரு புக்கிங் ஆபீஸில் லோடு சொல்கிறீர்கள். அவரிடம் வண்டி இல்லை. வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். அங்கிருந்து ஒருவர் எடுத்து இன்னொரு குழுவில் போடுகிறார். மூன்றாவது கைக்குப் போகும்போது அது யார் லோடு என்றே தெரியாது. அந்த மூன்றாவது கை மோசடிக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் ஓர் அசல் லாரிக்காரரைப் பிடித்து, சந்தை வாடகையை விடக் கூடுதலாகச் சொல்லி, ‘அட்வான்ஸ் லோடு ஏறினதும் போட்டுவிடுகிறேன்’ என்கிறான். உங்களிடம் ‘வண்டி ஏறியாச்சு, தொண்ணூறு பர்சென்ட் அட்வான்ஸ் போடுங்க’ என்று தன் கணக்கைத் தருகிறான். பணம் அவனிடம் போகிறது, லாரிக்காரருக்கு ஐயாயிரம் டீசல் காசு மட்டும் போகிறது, போன் ஸ்விட்ச் ஆஃப். லாரிக்காரர் பாதி வழியில் வண்டியை நிறுத்தி, ‘வாடகை வராமல் இறக்க மாட்டேன்’ என்கிறார். அவர் மேல் கோபப்பட என்ன இருக்கிறது? அவரும் ஏமாந்தவர். ஆனால் நீங்கள் இரண்டாவது தடவை வாடகை கட்டித்தான் சரக்கை மீட்க வேண்டியிருக்கும்.

இதற்கு மருந்து, லோடு ஏறும்போது டிரைவரைத் தனியே கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்து நாலு வார்த்தை பேசுவது. யார் அனுப்பினார்கள், எந்த ஊர், எந்த பார்ட்டிக்கு, வாடகை எவ்வளவு சொன்னார்கள், அட்வான்ஸ் வந்ததா? நீங்கள் பேசிய வாடகை ஒரு லட்சம், டிரைவரிடம் சொன்னது ஒரு லட்சத்துப் பத்தாயிரம் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். புரோக்கர் கமிஷன் எடுத்துக்கொண்டு குறைத்துச் சொல்வது வழக்கம். கூட்டிச் சொல்கிறவன் அந்தப் பணத்தைக் கொடுக்கப் போவதில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ‘பார்ட்டிகிட்ட வாடகை பத்திப் பேசக் கூடாதுன்னு சொன்னாங்க’ என்று டிரைவர் சொன்னாலும் அதே அர்த்தம்தான்.

அட்வான்ஸ் ஆர்.சி.யில் இருக்கும் உரிமையாளர் பெயருள்ள கணக்குக்கு மட்டும் போக வேண்டும். புரோக்கருக்குக் கமிஷன் தனி. ‘ஓனர் மகன் கணக்கு’, ‘பங்க்காரர் கணக்கு’ என்பதெல்லாம் வேண்டாம். 10 வண்டிக்கு மேல் இல்லாத உரிமையாளர் பான் எண்ணோடு உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் டி.டி.எஸ். பிடிக்க வேண்டியதில்லை என்பதால் அந்தத் தாளை எப்படியும் வாங்குவீர்கள். அதில் இருக்கிற பெயர், ஆர்.சி. பெயர், வங்கிக் கணக்கின் பெயர் மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். அனுப்பும்போதும் கணக்குக்காரர் பெயரைப் பார்த்துவிட்டு அனுப்பும் வசதியை வங்கிகள் 2025 ஏப்ரலுக்குள் கொண்டுவர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. யூ.பி.ஐ.யில் அது முன்பே உண்டு.

புக்கிங் ஆபீஸ் தருவது எல்.ஆர்.தானா, வெறும் மெமோவா என்பதையும் இப்போதே கவனித்துவிடுங்கள். ‘நாங்கள் வண்டி ஏற்பாடு செய்பவர்கள் மட்டுமே, சரக்குக்குப் பொறுப்பில்லை’ என்று அடியில் பொடி எழுத்தில் போட்ட மெமோவை வைத்துக்கொண்டு பிற்பாடு சண்டை போடுவது கடினம். 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2011 மார்ச் 1 முதல் அமலில் இருக்கிறது. பொதுவாகச் சரக்கு எடுத்துச் செல்லும் தொழில் செய்கிறவர், அதில் புக்கிங் கம்பெனியும் புரோக்கரும் அடக்கம், பதிவு செய்திருக்க வேண்டும் என்கிறது. பதிவுச் சான்றைக் கேட்டால் பாதிப் பேர் முறைப்பார்கள். இருக்கிறவரிடம் வேலை கொடுங்கள். வாடகை கிலோவுக்குச் சில பைசா கூடினாலும் பரவாயில்லை.

சட்டத்தின் இன்னொரு பக்கத்தைத் தெரிந்துகொண்டால் தூக்கம் கெடும். சரக்கு காணாமல் போனால் டிரான்ஸ்போர்ட்காரரின் கவனக்குறைவை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை, அது நமக்குச் சாதகம். ஆனால் அதிக ரிஸ்க்குக்கான கட்டணம் பேசி எழுதாத சாதாரண லோடுக்கு அவர் பொறுப்பு வாடகையின் பத்து மடங்கோடு நின்றுவிடுகிறது. 20 டன் மஞ்சள், கிலோ 140 ரூபாய் என்று கணக்குப் போட்டால் 28 லட்சம். வாடகை ஒரு லட்சம் என்றால் பத்து மடங்கு பத்து லட்சம். மிச்சம் பதினெட்டு லட்சத்துக்கு யார் பொறுப்பு? அந்த இடத்தை இன்சூரன்ஸ்தான் அடைக்க வேண்டும்.

இன்சூரன்ஸில் ஒரு குழப்பம் ஊரெல்லாம் இருக்கிறது. ‘லாரிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு’ என்பார்கள். அது லாரிக்கு. மேலே ஏறியிருக்கிற சரக்குக்கு அதில் ஒரு பைசா கிடையாது. உங்கள் சரக்குக்கு நீங்கள்தான் எடுக்க வேண்டும். ரோட்டில் போகிற சரக்காக இருந்தாலும் மரைன், அதாவது கடல்வழி, என்ற பெயரில்தான் விற்பார்கள். உள்நாட்டுப் போக்குவரத்துக்கு ஏ, பி, சி என்று மூன்று வகை. ‘சி’ என்றால் தீ, மின்னல் அளவோடு சரி. ‘பி’யில் மோதல், கவிழ்தல் சேரும். திருட்டு, மூட்டை குறைவு, போய்ச் சேராமை இவை ‘ஏ’ வகையில்தான். பிரீமியம் குறைவாக இருக்கிறதே என்று ‘பி’ எடுத்துவிட்டுத் திருட்டுக்கு கிளெய்ம் போட்டவர்கள் உண்டு. ‘ஏ’ எடுத்தாலும் ஏஜென்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: டிரைவரே கொண்டுபோய்விட்டால் உண்டா, போலி டிரான்ஸ்போர்ட்காரரிடம் ஏமாந்து நாமே ஏற்றிவிட்டால் உண்டா? பதிவுபெற்ற டிரான்ஸ்போர்ட்டின் எல்.ஆர். இருந்தால்தான் என்று சில பாலிசிகள் நிபந்தனை வைக்கும். தொகையில் வரியையும் சேர்த்துப் போடுங்கள். திருடு போன சரக்குக்கு எடுத்த ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரவை, அதாவது வாங்கும்போது கட்டிய வரிக்குக் கழித்துக்கொண்டதை, திருப்பிக் கட்டியாக வேண்டும். போனது சரக்கு மட்டும் என்று நினைத்திருப்போம், வரியும் கூடவே போகும்.

வண்டி கிளம்பிய பிறகு உங்கள் கையில் இருப்பது குறைவு. வழியில் வழிமறித்துப் பறிப்பது மஞ்சளுக்கு அபூர்வம், அது செல்போன், சிகரெட், செம்பு மாதிரி சரக்குகளுக்கு வருகிற ஆபத்து. 2020 அக்டோபரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கமிருந்து மும்பைக்குப் போன செல்போன் கன்டெய்னரைச் சூளகிரி அருகே மடக்கி, டிரைவரைத் தாக்கிவிட்டுச் சுமார் 15 கோடி ரூபாய்ச் சரக்கைக் கொண்டுபோனார்கள். கையில் ஆயுதத்தோடு வருகிற கூட்டத்தை டிரைவர் எதிர்த்து நிற்க வேண்டும் என்று எந்த முதலாளியும் எதிர்பார்க்கக் கூடாது. ‘உயிரைப் பார்த்துக்கோ, இறங்கினதும் 112க்கு அடி’ என்று கிளம்பும்போதே சொல்லி அனுப்புவதுதான் நியாயம்.

உங்கள் சரக்குக்கு வழியில் வருகிற வினை இரண்டு விதம். ஒன்று, ‘பார்ட்டி குடோன் மாத்திட்டாங்க, இங்க இறக்கிடுங்க’ என்று டிரைவருக்கு வருகிற போன். எல்.ஆர்.இலும் இன்வாய்ஸிலும் பெரிய எழுத்தில் ஒரு வரி அச்சடித்துவிடுங்கள்: இந்த முகவரியைத் தவிர வேறெங்கும் இறக்கக் கூடாது, மாற்றம் இருந்தால் அனுப்புகிறவரின் இந்த நம்பரிலிருந்து மட்டும் வரும். கூடவே வாங்குகிறவருக்கு நான்கு இலக்க எண் ஒன்றை நேரடியாகச் சொல்லிவிட்டு, அதைக் கேட்காமல் தார்ப்பாயை அவிழ்க்காதே என்று டிரைவரிடம் சொல்லலாம். சின்ன வேலைதான், இறக்குகிற இடத்தை மாற்றுகிற மோசடிக்கு இதைவிடச் செலவில்லாத பூட்டு நான் பார்த்ததில்லை.

மற்றொன்று கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது. காலி வண்டி எடை போடும்போது தண்ணீர் டேங்கை நிரப்பி வைப்பது, கிளீனரைக் கேபினில் படுக்கவைப்பது, இறக்குகிற ஊரில் அதையே தலைகீழாகச் செய்வது, எடைமேடைக் கணக்கெல்லாம் பழைய வித்தை. காலி எடை போடும்போது உங்கள் ஆள் கூடப் போய்க் கேபினைத் திறந்து பார்க்கட்டும். மஞ்சளில் எடையை விடப் பெரிய தொல்லை மாற்றுச் சரக்கு: நல்ல விரலி மஞ்சளை எடுத்துவிட்டு மட்டரகம் போட்ட மூட்டை வைப்பது. எண்ணிக்கையும் சரியாக இருக்கும், எடையும் சரியாக இருக்கும். சாக்கில் உங்கள் மார்க்கா இருந்தால் போதாது, சாக்கு மார்க்கெட்டில் கிடைக்கும். வாய் தைக்கிற நூலின் நிறத்தை லோடுக்கு லோடு மாற்றி, வாங்குகிறவருக்கு மட்டும் சொல்லுங்கள். தார்ப்பாய்க் கயிறு முடிச்சில் எண் போட்ட சீல், அதன் போட்டோ. இறக்குகிறவர் அறுப்பதற்கு முன்னால் ஒரு போட்டோ. பேலன்ஸ் வாடகை அந்தப் போட்டோவும் இறக்கிய ரசீதும் வந்த பிறகு.

சரக்கு கொண்டுபோக ஜி.எஸ்.டி.க்காக எடுக்கிற இ-வே பில்லைப் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் டெல்லிக்கு ஏறக்குறைய 12 நாள் செல்லும். ஐந்தாறு நாளில் போய்ச் சேர வேண்டிய வண்டி ஒரு வாரம் காணாமல் போனாலும் அந்தத் தாள் உயிரோடுதான் இருக்கும். ஆனால் போர்ட்டலில் அதைத் திறந்து பாருங்கள். வழியில் யாராவது வண்டி நம்பரை மாற்றியிருந்தால் அங்கே தெரியும். நீங்கள் அறியாமல் மாறியிருந்தால் உடனே போனை எடுங்கள்.

உங்கள் மச்சான் விஷயம். ராணுவ முகாமிலிருந்து வீட்டுச் சாமான் மாற்ற வேண்டும், நல்ல வாடகை, ஐ.டி. கார்டு போட்டோ, சீருடைப் படம் எல்லாம் வரும். பிறகு ‘கேட் பாஸுக்கு டெபாசிட் கட்டுங்க, வாடகையோடு திரும்ப வரும்’ என்பார்கள், அல்லது ‘எங்க கணக்குல இருந்து பணம் வரணும்னா இந்தக் கியூ.ஆரை ஸ்கேன் பண்ணுங்க’ என்பார்கள். பணம் வாங்குகிறவர் ஸ்கேன் செய்ய வேண்டியதே இல்லை, பின் நம்பரும் போட வேண்டியதில்லை. வாடகை வாங்கப் போகிறவர் முதலில் காசு கட்டுகிற லோடு எதுவும் லோடு இல்லை என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

எல்லாம் மீறி நடந்துவிட்டால், அன்றைக்கே செய்ய வேண்டியவை இருக்கின்றன. டிரைவர் போன் எடுக்கவில்லை, வண்டி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்றதும் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று புரோக்கர் சமாதானம் சொல்வார், கேட்காதீர்கள். அட்வான்ஸ் போன கணக்கை முடக்க, சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்கு உடனே அடியுங்கள். முதல் சில மணி நேரத்தில்தான் பணம் நிற்கும். புகாரை லோடு ஏற்றிய ஊர் காவல் நிலையத்திலேயே கொடுங்கள். சம்பவம் எங்கே நடந்ததென்று தெரியவில்லை, எல்லை எங்களுடையதில்லை என்று சொன்னால், எல்லையைப் பொருட்படுத்தாமல் பதிவு செய்ய பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173ஆம் பிரிவு இடம் தருகிறது. சரக்கை நம்பி ஒப்படைக்கப்பட்ட டிரான்ஸ்போர்ட்காரர் மோசம் செய்வது பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) 316(3), ஏழு வருடம் வரை தண்டனை. வெறும் ‘காணவில்லை’ மனுவாக வாங்கிக்கொண்டு அனுப்ப விடாதீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அன்றே மெயில். டிரான்ஸ்போர்ட்காரருக்குப் பதிவுத் தபாலில் எழுத்துப்பூர்வ நோட்டீஸ். புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் அது போகாவிட்டால் வழக்கே போட முடியாது. பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று அவர் இழுத்தடிப்பது பல நேரம் இந்த 180 நாளைக் கடத்தத்தான். இன்சூரன்ஸ்காரரும் இந்த நோட்டீஸ் நகலைக் கேட்பார்.

சரக்கு கிடைத்தாலும் வேலை முடியாது. வழக்குச் சொத்து என்று ஸ்டேஷன் வளாகத்தில் தார்ப்பாய் மூடிக் கிடக்கும். மஞ்சள் ஈரம் வாங்கினால், வண்டு விழுந்தால் விலை பாதிதான். அன்றைக்கே வக்கீலை வைத்து, இடைக்காலமாகச் சரக்கைத் திருப்பித் தரும்படி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனுப் போடுங்கள். கெட்டுப்போகும் சரக்கு என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதச் சொல்லுங்கள். போட்டோவும் மாதிரியும் எடுத்துக்கொண்டு மீதியை விடுவிக்கச் சொல்லிக் கேட்கலாம். இன்வாய்ஸ், இ-வே பில், எல்.ஆர்., சீல் போட்டோ, அந்த லோடுக்குப் போட்ட நூல் நிறம், இவையெல்லாம் அது உங்கள் மஞ்சள்தான் என்று காட்ட அப்போது வேண்டியிருக்கும்.